எட்டாவது பெயர்

ஐந்தரைக்கு ராஜதுரை எழுந்தான். மோட்டார் போட்டான். மாடித் தொட்டி நிறையும் வரை வாசலில் நின்றான். பால் பாக்கெட் இரண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். முந்தின நாள் போட்டிருந்த முகக்கவசத்தை வெந்நீரில் அலசிக் கொடியில் மாட்டினான். சவரம் செய்துகொண்டான். நீதிமன்றம் மூடி இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டான். மனைவி சந்தனச்செல்வியின் படத்தில் இருந்த வாடிய செம்பருத்தியை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தான். காப்பி குடித்தான். அதில் சர்க்கரை இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சந்தனச்செல்வி போய் ஒன்பது மாதம். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அவள் இல்லை.

காரியம் முடிந்து உறவெல்லாம் திரும்பிய பிறகும் அவள் அம்மா இசக்கித்தாய் மட்டும் போகவில்லை. ஆற்றங்கரை ஊரில் வயலைக் குத்தகைக்கு விட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு துறைமுக ஊரில், மில்லர்புரத்திலிருக்கும் மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மருமகனுக்குப் பொங்கிப் போட ஒரு ஆள் வேண்டும் என்றாள். அவன் மறுக்கவில்லை. ஒன்பது மாதமாக அவன் எதையுமே மறுக்கவில்லை.

அவனுக்கு இமிக்ரேஷன் வக்கீல் தொழில். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டவர் பதிவு. விமானமும் கப்பலும் நின்றதிலிருந்து சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் வேலை போன நான்கு வெல்டர்கள் ஒரே போனை மாற்றி மாற்றி வாங்கிப் பேசுவார்கள். விசா முடிந்துபோன உக்ரைன் எஞ்சினியர் ஒருவர் முத்தையாபுரத்தில் ஒற்றை அறையில் இட்லி தின்றுகொண்டிருந்தார். கொழும்பில் மாட்டிக்கொண்ட வெங்காய வியாபாரி தினமும் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஆர்டர் என்ன சொல்லுது?" என்று ராசிபலன் கேட்பதுபோலக் கேட்பார். காலையில் ஒரு உத்தரவு வரும். மாலையில் அதைத் திருத்தி இன்னொன்று வரும். இரண்டையும் அச்செடுத்து அவன் கோப்பில் வைப்பான்.

அந்தக் கோப்புகளில் ஒன்று சந்தனச்செல்வியின் தங்கை முத்துச்செல்வியினுடையது. மாலத்தீவில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் மூடியதும் ஒப்பந்தமும் முடிந்தது, தங்கியிருந்த அறையும் போனது. மாலேயில் தூதரகத்தின் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். முதலில் வந்த கடற்படைக் கப்பலில் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் இடம். இன்னும் மாலேயில்தான் இருக்கிறாள் என்று ராஜதுரை நம்பிக்கொண்டிருந்தான்.

இல்லை என்று நேற்று மாலை இசக்கித்தாய் சொல்லித்தான் தெரிந்தது. துறைமுகத்துக்கு வெளியே நாலு மைலில் நங்கூரம் போட்டு நிற்கிற 'மரியசாந்தி' என்ற சரக்குத் தோணியில் அவள் பதின்மூன்று நாளாக இருக்கிறாள். இசக்கித்தாய்க்கு அது முதல் நாளே தெரியும்.

நேற்று அதைக் கேட்டுவிட்டு அவன் முத்துச்செல்வியின் கோப்பை எடுத்து ஓரமாக வைத்தான். இன்று காலை இசக்கித்தாய் இட்லியை வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

ஒன்பது மணிக்கு ஜெர்சன் வந்தான். தோணிக்காரர்களுக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் காகிதம் கொடுக்கிற ஏஜெண்ட். ஸ்கூட்டரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினான்.

"உள்ள வாரும் ஜெர்சன்."

"வேண்டாம் சார். நாலு ஆபீஸ் படி ஏறி இறங்கியிருக்கேன். நீங்க அங்கன நில்லுங்க, நான் இங்கன நிக்கேன். ரெண்டு பேருக்கும் நல்லது." ஒரு தாளைக் கேட் கம்பியில் செருகிவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "நாளையோட பதினாலு நாள் முடியுது. காலையில ஆளுங்க இறங்கணும். வந்த அன்னைக்கு ஹெல்த் ஆபீசுக்கு எட்டுப் பேரு, யாருக்கும் காய்ச்சல் இல்லன்னு எண்ணிக்கை மட்டுந்தான் சொன்னோம். பேர்ப் பட்டியல் இன்னைக்கு மூணு மணிக்குள்ள இமிக்ரேஷனுக்குப் போவணும். நேத்துதான் தண்டலு வாட்ஸ்அப்புல அனுப்புனாரு. எட்டாவது பேரைப் பாத்தேன். ராத்திரி சோறு இறங்கல."

ராஜதுரை பட்டியலைப் பார்த்தான். முதல் பெயர் ஆன்றோ, தண்டல். தோணியை ஓட்டி வருகிற தலைவன். பிறகு ஆறு பேர். எட்டாவது: முத்துச்செல்வி, வயது 28, வேலை பண்டாரி.

பண்டாரி என்றால் தோணியின் சமையல்காரன்.

"பண்டாரி ரெனிஷ்தானே?"

"அவன் மாலேயில காய்ச்சல்ல படுத்துட்டான் சார். அங்க ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்தாச்சு. இப்ப நல்லாருக்கான், நேத்து பேசுனான். அவன் இடம் காலியா இருந்துச்சுல்லா? தண்டலு இந்தப் பிள்ளையை எழுதிட்டாரு."

"இவ சமைச்சாளா?"

"அதைக் கேக்காதிய. முத நாளு அவிய வச்ச ரசத்தைக் குடிச்சுட்டு காவலுக்கு நின்னவன் விடிய விடிய கண்ணை மூடலையாம். அம்புட்டு மிளகு. மறுநாள்ல இருந்து நீங்க கணக்கு மட்டும் பாருங்க டீச்சருன்னு கரண்டியை வாங்கிட்டாவளாம்."

சிரிக்க வேண்டிய இடம் என்று ராஜதுரைக்குத் தெரிந்தது. கண் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. நெருங்கிய உறவினர் என்ற கட்டம். அதில் 'கணவர், ராஜதுரை, வக்கீல்' என்று இருந்தது.

"இதை யாரு எழுதுனா?"

"தண்டலுதான். எனக்கும் திக்குனு ஆச்சு. நீங்க சொல்லவே இல்லையேன்னு நெனச்சேன்."

ராஜதுரை தாளை இரண்டாக மடித்தான். "இது உள்ள போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? அவ இந்த நாட்டுக் குடிமக. கையில பாஸ்போர்ட் இருக்கு. இறங்கக்கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா இந்தத் தாள்ல ரெண்டு பொய் இருக்கு. பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல கணவர் பேரு இடம் காலி. அதைத் திருப்பிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவ மேல ஒரு கேசு. ஆன்றோ அண்ணாச்சிக்குத் தண்டல் சீட்டு போயிரும்."

ஜெர்சன் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டினான். "முப்பத்தொரு வருசத் தண்டலு சார் அவரு."

"மூணு மணிக்கு நானும் வாரேன்."

அவன் போனதும் ராஜதுரை ஆன்றோவைக் கூப்பிட்டான். நாலு மைலுக்கு செல்போன் கோபுரம் எட்டும், காற்று அனுமதித்தால். மூன்றாவது முறை கிடைத்தது.

"வக்கீலு, கோவப்படாதிய," என்றுதான் ஆன்றோ ஆரம்பித்தார்.

"கோவம் இல்ல அண்ணாச்சி. நடந்ததை அப்படியே சொல்லுங்க. எனக்கு எழுதணும்."

"என்னத்தை நடந்தது. பருவம் மூடுததுக்கு முன்ன கடைசி நடை. வெங்காயத்தை இறக்கிட்டு வெறுந்தோணியா கெளம்புதோம். கரையில இருந்து எமில்டா போன்ல அழுதா. அவ மீன் கொண்டு வார வீட்டுப் பிள்ளையாம், அங்கன ரோட்டுல நிக்காளாம். ஒத்தப் பிள்ளையை ஏத்துனா உம்ம தோணி முங்கிருமா, இல்ல உமக்குத்தான் நெஞ்சு முங்கிருச்சான்னு கேட்டா. பொண்டாட்டி அப்படிக் கேட்டா நீரு என்ன செய்வீரு?"

 ஆன்றோவுக்கே உறைத்திருக்க வேண்டும். ஒருமுறை இருமினார்.

"சரி, ஏத்தியாச்சு. ஏத்துனவளை எங்க எழுத? தோணியில பயணிக்குக் கட்டமே கிடையாது. சரக்குல எழுதவா?"

"கணவர்னு ஏன் எழுதுனிய?"

"அதான் முடிவாயிட்டுன்னு சொன்னாவளே. ஆவணியில கல்யாணம்னு. மூணு மாசம் முன்ன பின்ன எழுதுனேன், அவ்வளவுதான். வக்கீலு பேரைப் பாத்தா ஆபீசரு சத்தம் போடமாட்டாருன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னது முடிவாயிட்டுன்னு?"

 ஆன்றோ குரலைத் தாழ்த்தி, "வீட்டுல கேளுங்க தம்பி," என்றார்.

இசக்கித்தாய் அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் கையை நிறுத்தவில்லை.

"எமில்டாகிட்ட நீங்கதான் சொன்னியளா அத்தை?"

"சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்ட சொன்னா சட்டம் சொல்லுவிய. ஒங்க சட்டத்துல அவ நம்பரு நானூத்திப் பன்னெண்டு. ஒரு கப்பல் வந்து போயாச்சு. இன்னும் எத்தன கப்பலை நான் எண்ணிட்டு இருக்க?" ஒரு கொத்தைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். "ஒருத்தியை மூணு நாள்ல குடுத்துட்டேன் மாப்ளே. இன்னொருத்தியைப் பட்டியல்ல போட்டுட்டு ஒறங்கச் சொல்லுதியளா?"

 அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் அவனும்தான் உட்கார்ந்திருந்தான்.

"கல்யாணம்னு சொன்னது?"

"அதுல என்ன பொய்? அக்கா போனா தங்கச்சின்னு ஊருல வழக்கம் இல்லையா? வருசத் திதி முடியட்டும்னுதான் வாயை மூடிட்டு இருக்கேன். வெளிய இருந்து ஒருத்தி வந்து எம்மக வச்ச அஞ்சறைப்பெட்டியைத் தொறக்குததைப் பாக்கவா நான் இங்கன கெடக்கேன்?"

"முத்துகிட்ட கேட்டியளா?"

"அவ வேண்டாம்னு சொல்லல."

"கேட்டியளான்னு கேக்கேன்."

"நீங்க கேட்டியளா?" என்றாள் இசக்கித்தாய்.

அவன் மேசைக்குப் போனான். புதுத் தாளில் ஏழு பேரை வரிசையாக எழுதினான். கீழே தனியாக, பணியாளர் அல்லாதவர் ஒருவர் என்று தலைப்பிட்டு முத்துச்செல்வியின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதினான். வேலையும் இருப்பிடமும் இழந்த நிலையில் மனிதாபிமானத்தால் ஏற்றிவரப்பட்டவர் என்று இரண்டு வரி. உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.

இசக்கித்தாய் ஈரக்கையோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். பழைய தாளும் மேசையில்தான் கிடந்தது.

"மத்ததை எப்படி வேணாலும் எழுதுங்க மாப்ளே. அந்த ஒண்ணை மட்டும் மாத்தாதிய."

அவன் யோசித்துப் பார்த்தான். விருப்பம் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வெறுப்பும் இல்லை. ஆவணியில் தாலியைக் கையில் கொடுத்தால் கட்டுவான். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டான். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தான்.

'அக்காள் கணவர்' என்று எழுதினான். இசக்கித்தாய் அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. மிக்சி இருக்கிற வீடு அது.

துறைமுகச் சாலையில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். வக்கீல் அடையாள அட்டையைக் காட்டினான். இமிக்ரேஷன் அலுவலகத்தில் நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குச் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. ஜெர்சன் நாடா ஒட்டிய நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்து, காவலர் பார்த்ததும் எழுந்தான்.

அதிகாரி ஜெயஷீலா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. தாளை இரண்டு முறை வாசித்தார்.

"ஏழு பேர் க்ரூ. கீழே ஒரு பேர் தனியா இருக்கு. சரக்குத் தோணியில் எப்படி சார் வந்தாங்க?"

ராஜதுரை சொன்னான். சுற்றி வளைக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி வேற பட்டியல் ஏதாவது இருந்துச்சா?"

ஜெர்சன் தரையைப் பார்த்தான்.

"இருந்தது மேடம். நான் கொடுக்க விடலை."

"அதைக் காட்டுங்க."

"தாக்கல் ஆகாத காகிதம் மேடம். என் கட்சிக்காரர் தப்பா எழுதினார், நான் திருத்தினேன். உங்க மேசைக்கு வந்திருக்கிறது உண்மை."

ஜெயஷீலா அவனையே பார்த்தார். பிறகு பாஸ்போர்ட் நகலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கணவர் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கடிதத்தில் 'அக்காள் கணவர்' என்ற வரியைப் படித்தார்.

"தண்டலுக்குத் தெரியாதா, ஆள் ஏத்தக்கூடாதுன்னு?"

"தெரியும். விட்டுட்டு வந்திருந்தா அவர் மேல் ஒரு தப்பும் இருந்திருக்காது. அந்தப் பொண்ணு அங்கே தெருவில் நின்னிருக்கும்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். "இந்தியப் பாஸ்போர்ட். இறங்கக்கூடாதுன்னு நான் சொல்லப் போறதில்லை. ஆனா ஹெல்த்தில் கையெழுத்துப் போட ஒரு நிபந்தனை கேட்பாங்க. பட்டியலுக்கு வெளியே வந்த ஆளுக்கு யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். இன்னும் பதினாலு நாள் வீட்டுத் தனிமை. எந்த வீடு, யார் பொறுப்பு, ரெண்டும் எழுத்தில் வேணும். வீடு மாறக்கூடாது. மாறினா, இப்ப நான் எழுதாம விடுறேனே, தண்டல் மேல், அதையும் சேர்த்து எழுத வேண்டி வரும். புரியுதா சார்?"

"புரியுது."

"உங்க வீட்டில் பெண்கள் இருக்காங்களா?"

"அவங்க அம்மா என் வீட்டில்தான் இருக்காங்க."

"அப்ப பிரச்சினையே இல்லை."

அங்கேயே நின்றபடி உறுதிமொழிக் கடிதம் எழுதினான். மில்லர்புரம் விலாசம். பதினான்கு நாள். வேறு இடத்துக்கு மாற்றமாட்டேன். கையெழுத்து. ஜெயஷீலா முத்திரை குத்தினார். நாளைக் காலை பத்து மணி என்றார்.

வெளியே வந்ததும் ஜெர்சன் இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடிக்க வந்து, ஆறடி தூரத்தில் ஞாபகம் வந்து நின்றான். "சார், தண்டலு பொழச்சாரு சார். எமில்டாக்கா நாளைக்கு உங்களுக்கு ஊளி மீன் குடுத்து விடாம இருக்கமாட்டா."

ராஜதுரை காருக்கு நடந்தான். பாதி தூரத்தில்தான் அவனுக்கு உறைத்தது. கட்சிக்காரரைக் கேட்காமல் எந்த உறுதிமொழியிலும் அவன் கையெழுத்துப் போடுவதில்லை. பத்து வருடத் தொழிலில் ஒருமுறைகூட இல்லை. உக்ரைன்காரருக்கு அறை மாற்றும் மனு எழுதியபோதுகூட மொழிபெயர்ப்பாளரை வைத்து மூன்று தடவை கேட்டிருக்கிறான்.

காரில் உட்கார்ந்து ஆன்றோவைக் கூப்பிட்டு, முத்துச்செல்வியிடம் கொடுக்கச் சொன்னான்.

"அத்தான்."

அக்காள் தங்கைக்கு ஒரே குரல் என்பார்கள். இவர்களுக்கு இல்லை. அதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

"எப்படி இருக்க?"

"மணமா இருக்கேன். தலைக்குக் குளிச்சுப் பதினாறு நாள் ஆச்சு. கடல் காக்கா பக்கத்துல வந்துட்டுத் திரும்பிப் போவுது."

"நாளைக்குப் பத்து மணிக்கு இறங்கலாம். உத்தரவு ஆயிட்டு."

  "அண்ணாச்சிக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நிபந்தனையை மீறாத வரைக்கும்."

"நல்ல மனுசன் அத்தான். அவரு படுக்குத இடத்தை எனக்குக் குடுத்துட்டு மேல்தட்டுல படுத்தாரு, மழையில. ஏழு பேருல ஒருத்தரும் ஒரு சொல்லு தப்பாப் பேசல. அதை எழுதுனியளா?"

"எழுதல. எழுதிருதேன்."

"என்ன நிபந்தனை?"

வாசித்துக் காட்டினான். வக்கீல் குரலில், நிறுத்தி, ஒவ்வொரு வரியாக. மில்லர்புரம் என்ற இடம் வந்தபோது மறுமுனையில் யாரோ வாளியால் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது. அவன் கடைசி வரி வரை வாசித்தான். அதற்குப் பிறகு அவள் பேசினாள். அதிக நேரம் பேசவில்லை. ஆன்றோவின் போனில் சார்ஜ் தீர்ந்தது.

துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம். நாற்பது நிமிடம் ஆனது.

உள் அறைக் கதவு திறந்திருந்தது. இசக்கித்தாய் அறையைக் கழுவிவிட்டிருந்தாள். ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்திருந்தாள். பீரோவைத் திறந்து, சந்தனச்செல்வியின் புடவைகளைக் கட்டிலில் வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய ரவிக்கை.

"உடுத்திட்டு வந்த துணி ஒண்ணும் உதவாதுல்லா," என்றாள், அவன் கேட்காமலே. "ரவிக்கையைக் கொஞ்சம் பிடிக்கணும். இவ ஒல்லி. பேசுனியளா?"

"பேசுனேன்."

"எப்ப வாரா?"

"பத்து மணிக்கு இறங்க உத்தரவு ஆயிருக்கு."

இசக்கித்தாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். காலையில் நடந்ததெல்லாம் அந்த ஒரு துடைப்பில் போய்விட்டது போலிருந்தது. "நீங்க நல்லாருக்கணும் மாப்ளே. என்ன சொன்னா?"

"குளிக்கணும்னா."

அவள் சிரித்தாள். ஒன்பது மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "வேற?"

"ஆன்றோ அண்ணாச்சியை விசாரிச்சா."

"வேற? கடைசியா என்ன சொன்னா?"

கட்டில் ஓரத்தில் இருந்து ஒரு புடவை நழுவிக்கொண்டிருந்தது. ராஜதுரை அதை எடுத்து மற்றவற்றோடு வைத்தான்.

"போன் அணைஞ்சிட்டு, அத்தை."

போன் அணைந்தது அவள் பேசி முடித்த பிறகு. காற்றுக்கூட அப்போது இல்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆவணியில கல்யாணம்னு அண்ணாச்சி சொன்னாரு. அந்த வீட்டுக்குன்னா நான் இறங்கல அத்தான். தோணியிலயே இருந்துக்கிடுதேன்."